உள்ளறை

அந்தப் பட்டறைக்குக் காலையில் தலையில்லாமல் வந்தவன் சாயங்காலம் தலையோடு போவான். ஒருநாள் ஈரல் மட்டும் போகும். இன்னொரு நாள் ஒரு வேன் நிறைய வலது காலாகப் போகும், இடது கால் அடுத்த வாரம். மருத்துவக் கல்லூரிகளுக்கும் நர்சிங் பள்ளிகளுக்கும் உடம்பின் மாதிரிகளைச் செய்து கொடுக்கிற இடம் அது. அச்சில் ரெசினை ஊற்றி, காய்ந்ததும் உருவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் அடித்து, துண்டுக்கு ஓர் எண் ஒட்டுவார்கள். எந்த எண் எந்த உறுப்பு, அதன் வேலை என்ன என்று சொல்லும் கையேடு ஒன்றும் பெட்டிக்குள் போகும்.

எண் ஒட்டுவதும் கையேடு எழுதுவதும் அவன் வேலை. விலங்கியல் படித்தவன். அந்தப் படிப்புக்கு மரியாதையாக முதலாளி அவனை "டாக்டரே" என்று கூப்பிடுவார். அவன் மனைவி இறந்தபின் அதை விட்டுவிட்டு "தம்பி" என்றார். அந்த ஒரு மாற்றத்தைத் தவிர பட்டறையில் எதுவும் மாறவில்லை. அவன் உடைவான் என்று எல்லோரும் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். அவன் எண் ஒட்டிக்கொண்டிருந்தான். கல்லுப்பிள்ளையார்கூட ஒருநாள் வியர்ப்பார், இவன் வியர்க்கமாட்டான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் செருப்பு வாரைப் போடக் குனிந்த மனைவி, "தலை என்னமோ பண்ணுதுப்பா" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. ஆஸ்பத்திரியில் படத்தை விளக்கின்முன் தூக்கிப் பிடித்து, நடுவில் இருந்த வெள்ளைத் திட்டைப் பேனாவால் தொட்டார் டாக்டர். "இடது தலாமஸ்ல ரத்தக்கசிவு. பக்கத்துல இருக்கிற அறைக்குள்ளயும் வடிஞ்சிருக்கு." தலாமஸ் அவனுக்குப் புதியதல்ல. பதினான்காம் எண். எத்தனையோ வருஷமாகக் கையால் எடுத்து எண் ஒட்டிய துண்டு. பட்டறையில் அதற்கு முட்டை என்று பெயர்.

பட்டறையில் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. சிறுமூளை காலிஃப்ளவர். பித்தப்பை கத்திரிக்காய். இந்தப் பெயர்களில் பாதி நரம்பக்கா வைத்தவை. நரம்பக்கா வண்ணம் அடிப்பவர். மயிரிழைத் தூரிகையால் நரம்பு வரைய அவரை விட்டால் ஆளில்லை என்பதால் அந்தப் பெயர். அவருக்கு நரம்பு தளர்ந்தால் பட்டறையே தளர்ந்துவிடும் என்பார் முதலாளி.

ஒரு நர்சிங் பள்ளி மூளை மாதிரிகள் கேட்டது. கூடவே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பெயருக்கும் லத்தீனில் என்ன அர்த்தம் என்று கையேட்டில் இருக்க வேண்டும்.

"அர்த்தம் தெரிஞ்சா பிள்ளைங்க மனசுல நிக்குமாம்," என்றார் முதலாளி. "எழுதிடு தம்பி. உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஓர் அகராதியை எடுத்துவந்தான். டீ நேரத்தில் நரம்பக்கா அதை விட்டுவைக்கவில்லை.

"இந்தத் தசை இருக்கே, அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"சின்ன எலி."

"என்னது?"

"கையை மடக்கினா தோலுக்கு அடியில எலி ஓடற மாதிரி இருக்காம்."

"முழங்கால் சில்லு?"

"சின்னத் தட்டு."

"காதுக்குள்ள சுருட்டி வெச்சிருக்கே, அது?"

"நத்தை."

நரம்பக்கா சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார். "நான் என்னமோ பெரிய படிப்பு படிச்சவங்க வெச்ச பேருன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நம்மள மாதிரிதான் வெச்சிருக்கானுங்க. பார்த்தான், எலி மாதிரி இருந்துச்சு, எலின்னு எழுதிட்டுச் சாப்பிடப் போயிட்டான்."

அது சரிதான் என்று அவனுக்கும் பட்டது. ஒரு சொல்லின் வேருக்குப் போனால் காரணம் கிடைக்கும் என்று நினைத்திருந்தான். வேரில் இருந்ததெல்லாம் எலியும் தட்டும்தான்.

ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு வரி எழுதினான். பதினான்கில் கை நின்றது. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வாங்கிக்கொண்ட சொல், வீட்டின் உள்ளறை, கல்யாணமானவர்களின் படுக்கையறை என்றது அகராதி. கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. 'தலாமஸ்: உள்ளறை' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனான்.

அந்தக் கையேட்டின் நகலை வைத்துக்கொண்டுதான் நரம்பக்கா வண்ணம் அடித்தார். மூளைக்குள் வெற்றிடம் எங்கே இருந்தாலும் அதற்கு நீலம் அடிப்பது பட்டறை வழக்கம். நீலத்தைப் பார்த்தால் இங்கே ஒன்றுமில்லை, நீர்தான் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறை என்றால் நீலம், குழி என்றால் நீலம். உள்ளறை என்று படித்தார், அதற்கும் நீலத்தை அடித்துவிட்டார். அட்டைப்பெட்டிகளில் அடுக்கும்போதுதான் முதலாளி பார்த்தார். அத்தனை மூளையிலும் முட்டை நீலமாக இருந்தது.

"கெட்டியான உறுப்புக்கு எவனாவது நீலம் அடிப்பானா?" என்று அவர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"அறைன்னு எழுதியிருக்கு. நான் என்ன உள்ள போயா பார்த்தேன்?" என்றார் நரம்பக்கா.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அகராதியைத் திறந்து, அன்று விட்ட பொடி எழுத்தைப் படித்தான். பழைய காலத்து வைத்தியர் ஒருவர் மூளை நடுவில் இருந்த வெற்றிடத்தின் ஒரு பகுதிக்குத்தான் முதலில் உள்ளறை என்று பெயர் வைத்தாராம். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரைப் பக்கத்தில் இருந்த கெட்டியான துண்டின்மேல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். அறை ஓரிடம், பெயர் ஓரிடம்.

"அப்போ தப்பு என்னுது இல்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பண்ணிட்டானுங்க," என்றார் நரம்பக்கா.

"தின்னர் ஊத்தி அழிக்கறதுக்கு அவனுங்களா வருவானுங்க?" என்றார் முதலாளி. பிறகு அவனிடம், "ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ தம்பி. ஒவ்வொண்ணாப் பார்த்து, ஞாயித்துக்கிழமை உக்காந்து சரியா எழுதிக் கொண்டாந்துடு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிற நாள் என்பது முதலாளிக்குத் தெரியாது.

அத்தை என்றால் மனைவியின் அம்மா. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது அவர் உத்தியோகம். ஒவ்வோர் அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது விதி. அது நாக்கில் ஊறி, வீட்டிலும் உப்பு வேண்டும், உப்பு வேண்டும் என்று இரண்டு முறை கேட்பார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கல்யாணம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "அவனோட போனா என் முகத்துல முழிக்காத, என் முகத்துல முழிக்காத" என்று மகளிடம் இரண்டு முறையே சொல்லியிருந்தார். அவள் போன் செய்தால் வைத்துவிடுவார். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று மறுநாள் தெரிந்ததும் சீருடையோடு ஓடிவந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையும் மாலையும் கொஞ்ச நேரம், ஒரே ஓர் ஆளைத்தான் விடுவார்கள். அவன் தன் நேரத்தை எல்லாம் அத்தைக்குக் கொடுத்துவிட்டான். தனக்கும் அவளுக்கும் இடையில் பாக்கி எதுவும் இல்லை, அம்மாவுக்கும் மகளுக்கும்தான் இருக்கிறது என்று அப்போது நினைத்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். அத்தை குனிந்து மகளின் காதில் பேசிக்கொண்டே இருந்தார். கண் திறக்காமலே அவள் போய்விட்டாள்.

அதற்குப்பின் அத்தை ஞாயிறுதோறும் வந்தார். மகள் படுத்த அறையில் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காருவார். எதையும் தொடமாட்டார். போகும்போது ஒரு கேள்வி கேட்பார். அன்னைக்குக் காலையில சாப்பிட்டாளா? முன்னாடி எப்பவாவது தலைவலின்னு சொன்னாளா? அவன் தெரிந்ததைச் சொல்வான். அவனை மாப்பிள்ளை என்று அவர் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பார், அல்லது சும்மா தொண்டையைச் செருமுவார்.

அந்த ஞாயிறு அவர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். மூளை சாப்பாட்டு மேஜைமேல் பிரிந்து கிடந்தது.

"இது என்னது?"

"மூளை அத்தை. பட்டறை வேலை."

அத்தை அறைக்குள் போகவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மடிப்பு மடிப்பான மேல் துண்டை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இதுல எது?"

எது என்று அவன் கேட்கவில்லை. பதினான்கை எடுத்துக் கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கியது.

"இத்தனூண்டா?"

"நிஜத்துல இன்னும் சின்னது. இது பிள்ளைங்களுக்காகப் பெரிசா பண்ணினது."

"நீலமா இருக்கே."

"அது தப்பு. வண்ணம் அடிக்கிற அக்கா மாத்தி அடிச்சிட்டாங்க."

"டாக்டர் ஒரு பேரு சொன்னாரே."

"தலாமஸ்."

"அப்படின்னா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "உள்ளறைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல வீட்டுல கல்யாணமானவங்க படுக்கிற அறை."

அத்தை படுக்கையறைக் கதவைப் பார்த்தார். "அந்த அறைக்குப் போகாதேன்னுதானே அவகிட்ட சொன்னேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. நடைமேடை எண் சொல்வதுபோல இருந்தது.

துண்டை மேஜைமேல் தட்டிப் பார்த்தார். "அறைன்னா உள்ள போக வழி இருக்கணும். இதுல எங்க போறது?"

"போக முடியாது. கெட்டி. பேர் பக்கத்துல இருக்கிற வெற்றிடத்துக்கு வெச்சது. யாரோ மாத்தி இதுமேல ஒட்டிட்டாங்க."

"எல்லாருமே மாத்தித்தான் செய்றாங்க," என்றார் அத்தை.

அவன் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். அங்கேதான் பிசகு நடந்தது. கையேட்டை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனான். ஆயுசு முழுக்கத் தாளைப் பார்த்து வாசித்தே சம்பளம் வாங்கிய ஒருத்தர் முன்னால் எழுதிய தாளை வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பானையில் டம்ளரை விட்டபோது முன்னறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக விழும் ஒலிபெருக்கிக் குரல்.

"எண் பதினான்கு. தலாமஸ். பார்ப்பது, கேட்பது, தொடுவது ஆகிய உணர்வுகள் அனைத்தும் இதன் வழியாகவே மூளையின் மேற்பகுதியைச் சென்றடைகின்றன. மணம் மட்டும் விதிவிலக்கு."

எப்போதோ அவனே எழுதிய வரி. பெயருக்கு அர்த்தம் சேர்த்தபோது இந்தப் பகுதியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழக்கப்படி இரண்டாம் முறை தொடங்கினார். "எண் பதினான்கு. தலாமஸ். பார்ப்பது, கேட்பது." அங்கே நின்றுவிட்டது.

அவன் டம்ளரோடு வந்து நின்றான்.

"காதும் இது வழியாத்தானா?"

"ஆமா அத்தை."

"இது உடைஞ்சு போனா?"

"இதே மாதிரி வலது பக்கமும் ஒண்ணு இருக்கு."

"அது நல்லா இருந்துச்சா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பொய் சொல்லியிருப்பான். பெரிய பொய்யும் வேண்டாம், நல்லாத்தான் இருந்துச்சு என்று இரண்டு வார்த்தையை முணுமுணுத்தால் போதும். ஆனால் பொய்க்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும், இன்னொருவர் முகம் எப்படி ஆகும் என்கிற கவலை வேண்டும். அவனிடம் அந்தச் சரக்கு தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

"இல்ல. ரத்தம் கட்டி அதையும் அழுத்திடுச்சு. முதல் நாளே."

"நான் வந்தது ரெண்டாம் நாள்."

"ஆமா."

அத்தை துண்டை மேஜைமேல் வைத்தார். அது உருண்டது. கையால் நிறுத்தினார்.

"செவிடன் காதுல சங்கு ஊதுறதுன்னு சொல்லுவாங்க. ஊதுறவனுக்காவது அவன் செவிடன்னு தெரியும். நான் தெரியாமயே ஊதிட்டு இருந்தேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சொன்னேன். அந்த நர்ஸ் பொண்ணுகூட, 'ஏம்மா, இது என்ன பஸ் ஸ்டாண்டா'ன்னு கேட்டுச்சு."

அவன் உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது. பேருந்து போனபின் கை காட்டுகிறவன் மாதிரி.

"மணம் மட்டும் இது வழியாப் போகாது அத்தை. அதுக்கு வேற பாதை. நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. அது ஒருவேளை..."

"என்ன மணம்?" அத்தை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "உள்ள விடறதுக்கு முன்னாடி மருந்துத் தண்ணியில கையைக் கழுவச் சொன்னாங்க. முழங்கை வரைக்கும் கழுவினேன். அவங்க குடுத்த அங்கியைப் போட்டுக்கிட்டேன். முகத்துக்கு முகமூடி, தலைக்குத் தொப்பி. என் மணம்னு என்கிட்ட என்ன மிச்சம் இருந்துச்சு? எல்லாம் ஆஸ்பத்திரி மணம்தான்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

சொல்லக்கூடாது என்று மனைவி சொல்லிவைத்த ஒன்று அவனிடம் இருந்தது. இனிமேல் யாருக்காக மறைப்பது என்று தோன்றிச் சொன்னான்.

"உங்க குரலைக் கேட்டிருக்கா அத்தை. முன்னாடி. வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போவா. கொஞ்ச நேரம் நின்னு நீங்க பேசறதைக் கேட்டுட்டு வருவா. வாரத்துல ஒருநாளாவது போயிடுவா."

"எங்க நிப்பா?"

"ரெண்டாம் நடைமேடை. தண்ணிக் குழாய் பக்கத்துல தூண் இருக்காமே."

"அங்கிருந்து பார்த்தா என் கூண்டு தெரியும்."

"தெரியும்னுதான் சொன்னா."

"அப்போ கூண்டுல இருந்து பார்த்தா அந்தத் தூணும் தெரிஞ்சிருக்கணும்ல." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். "நான் நிமிரவே மாட்டேன். தாளைப் பார்த்துப் படிக்கணும். நிமிர்ந்தா வரி தவறிடும்."

"அவ சந்தோஷமாத்தான் வருவா அத்தை. அம்மாவுக்கு இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லுவா."

"என்ன கேட்டிருப்பா? எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு. யார் யாரோ போற வண்டி. அதை எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை கேட்டிருக்கா. அவளுக்குன்னு சொன்னது மட்டும்..." அத்தை அழவில்லை. தண்ணீரைக் கேட்டு வாங்கி, அண்ணாந்து முழுவதும் குடித்தார்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

கண்ணாடிக்கு வெளியே நின்றபோதே கேட்க நினைத்தது. அந்த வார்த்தைகள் அவன் கொடுத்த நேரத்தில் பேசப்பட்டவை. வேறு யார் காதிலும் விழாதவை.

"அது அவளுக்கு," என்றார் அத்தை. கொஞ்சம் கழித்து, "உங்க நேரத்தையும் நான்தான் எடுத்துக்கிட்டேன்," என்றார். அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

"பரவாயில்ல அத்தை. நான் பேசியிருந்தாலும் இதேதான்."

ஆறுதலாகத்தான் சொன்னான். சொல்லி முடித்தபின் அது எவ்வளவு உண்மை என்று அவனுக்கே உறைத்தது. இவ்வளவு நாளும் ஒரு மூலையில், நான் பேசியிருந்தால் கேட்டிருப்பாள் என்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. அது எழுந்து போவது தெரிந்தது. வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அறைப் பக்கம் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார். நிறுத்தம் வரை அவனும் கூட நடந்தான். வெயில் ஏறியிருந்தது. இருவரும் சுவரோரமாக முன்னும் பின்னுமாக நடந்தார்கள். நிறுத்தத்தில் ஒரு தம்பதி, எந்த வண்டி எங்கே போகும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அத்தைக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

வெடுக்கென்று கேட்டதல்ல. அவனுக்குத் தெரிந்திருந்தால் சொல்லட்டும் என்று கேட்டது. முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி கேட்கத்தான் அவர் வந்துகொண்டிருந்தார் என்பதும், கடைசிக் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டான் என்பதும் அவனுக்குப் புரிந்தது. வாங்க, சும்மா வாங்க என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரைகூட வரவில்லை.

வண்டி வந்தது. அத்தை ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி போனபின்னும் அந்தத் தம்பதி சண்டையை முடிக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.